ஸர் சி. பி. இராமசாமி ஐயர்: ஆறும் அணையும் வழக்கும்

அடையாறு கடலொடு கூடும் கழிமுகத்தின் தென்கரையில் பிரம்மஞான சங்கத்தாரின் பெருஞ்சோலை அமைந்துள்ளது. 1882ஆம் ஆண்டில் 27 ஏக்கர் அளவினதாய் வாங்கப்பெற்ற அவ்விடம், அன்னி பெசன்ட் அம்மையாரின் தலைமைக்காலத்தில் சுமார் 250 ஏக்கராக விரிந்தது. இன்று அக்கழிமுகத்தின் அருகே மாடமாளிகை எழுப்ப விரும்புவோர், 1991ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளையும், நகரமைப்பு விதிகளையும் கற்றுவல்ல வழக்கறிஞரை நாடியே முதலடி வைத்தல் வேண்டும். நூறாண்டுகட்கு முன் அத்தகைய விதிகள் இல்லை. ஆயினும் நிலமும் நீரும் பற்றிய பெருவழக்குகள் அன்றும் இருந்தன. அவற்றை நடாத்தித் தந்த சட்டவல்லுநரும் இருந்தனர். அன்னாருள் தலைசிறந்த ஒருவர் முதன்முதல் ஊரறியப் பெயர் பெற்றது மேற்கூறிய அடையாற்றுச் சோலையினின்று எழுந்த ஒரு வழக்கினாலேயாம்.

அவ்வழக்கு நிலம் பற்றியதன்று, மக்கள் பற்றியது. நாராயணையா என்பார் தம் புதல்வர் இருவரைப் பெசன்ட் அம்மையாரின் காப்பில் ஒப்புவித்துப் பின்னர் மனம் மாறினார். அவருள் ஒருவரே பிற்காலத்தில் உலகறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1912ஆம் ஆண்டில் தந்தையார் வழக்குத் தொடுத்தார். அடையாறு அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாதலின் வழக்கு முதலில் செங்கற்பட்டு ஜில்லா கோர்ட்டில் தொடுக்கப்பெற்று, பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. உலகெங்கும் மேடையேறி நாவன்மையாற் புகழ் கொண்ட அம்மையார் வக்கீல் வையாது தாமே வாதித்தார். அவரை எதிர்த்துத் தந்தையின்பொருட்டு நின்றவர் முப்பத்துமூன்று வயதினரான சி. பி. இராமசாமி ஐயர். 1913ஆம் ஆண்டில் தந்தையின் பக்கமே தீர்ப்பாயிற்று. மறு ஆண்டில் லண்டன் பிரிவி கௌன்சில் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது என்பது வேறு செய்தி. வியப்பு யாதெனின், தம்மை நீதிமன்றத்தில் வென்ற இளைஞரை அம்மையார் வெறுத்தாரல்லர். இளைஞரும் அம்மையாரை விட்டு விலகினாரல்லர். மூன்றாண்டு செல்வதற்குள் ஐயர் அம்மையாரின் சுயஆட்சி இயக்கத்தில் வலக்கை போன்றவராயினார். 1917ஆம் ஆண்டில் அம்மையார் உதகையில் காவலில் வைக்கப்பட்டபோது அவ்வியக்கத்தைத் தளரவிடாது காத்தவருள் இவரும் ஒருவர். இக்காலத்து வழக்காடுவோர்க்கும் வழக்கறிஞர்க்கும் இடையே இத்தகைய பெருந்தன்மையைக் காண்டல் அரிது.

நிற்க. ஐயரின் பிறப்பு வளர்ப்புகளைச் சுருங்கக் கூறுவாம். 1879ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் வந்தவாசியில் அவர் பிறந்தார். தந்தையார் பட்டாபிராம ஐயர் நீதிபதியாய் விளங்கியவர். மகனார் கல்வி தொடங்கியது இராயப்பேட்டையில் மிஷனரிமார் நடாத்திய வெஸ்லி பள்ளியில் என்பது நம்மனோர் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது. பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கில இலக்கியம் போதிக்கும் ஆசிரியராதலே அவர்தம் விருப்பம். தந்தையின் விருப்பமோ மகன் சட்டம் பயில வேண்டுமென்பது. தந்தையின் சொல்லே நின்றது. இலக்கியம் பயிலும் நம்மிற் சிலர் இதனைப் படித்துப் பெருமூச்செறியக்கூடும். 1903ஆம் ஆண்டில், தந்தையார் மறைந்த அதே ஆண்டில், அக்காலத்துப் பெருவக்கீலாகிய வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் தொழில் பழகத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் ஆனார். 1923ஆம் ஆண்டில் கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட மெம்பர் என்னும் பதவி ஏற்றார். போலீஸ் முதலியவற்றொடு நீர்ப்பாசனமும், துறைமுகமும், மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. அவர்தம் வாழ்வில் யான் விரித்துக் கூற விழையும் பகுதி இதுவே.

காவிரி குடகில் தோன்றி, மைசூர் நாட்டிற் பெருகி, தமிழ் நிலத்திற் பயன்படும் ஆறு. கரிகாலன் காலந்தொட்டுச் சோழநாட்டார் அந்நீரைக் கொண்டு நெல் விளைத்து வந்தனர். சுமார் பத்து இலட்சம் ஏக்கர் நன்செய் அதனையே நம்பியிருந்தது. மேல்நாட்டார் நீரைத் தேக்கின் கீழ்நாட்டார் வாடுவர். இதனை உணர்ந்தே 1892ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையும் மைசூரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அட்டவணையிற் குறிக்கப்பெற்ற ஆறுகளின் குறுக்கே சென்னையாரின் முன்னிசைவின்றி மைசூரார் புதிய அணை கட்டலாகாது. சென்னையாரும் தாம் நெடுங்காலமாய் எய்தியிருந்த அனுபோக பாத்தியதையைக் காக்கவேண்டியவிடத்தன்றி இசைவு மறுத்தலாகாது. இதுவே அதன் சாரம். இரு தரப்பார்க்கும் கடிவாளம் இட்ட நல்ல உடன்படிக்கைதான். ஆனால் அனுபோக பாத்தியதை என்பது எத்துணைக் கன அடி நீர்? அதனை அவ்வுடன்படிக்கை எண்ணிற் கூறவில்லை. எண் கூறாத சொல் பின்னர் வழக்காயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூரார் கண்ணம்பாடியில் அணை கட்டத் துணிந்தனர். விசுவேசுவரையர் அதன் கருத்தா. சென்னையாரோ மேட்டூரில் அணை கட்டக் கருதினர். ஓர் ஆற்றில் இரண்டு பேரணைகள். இரண்டிற்கும் நீர் போதுமா என்பது கேள்வி. கிரிஃபின் என்னும் நீதிபதி மத்தியஸ்தராக அமர்ந்து 1914ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தார். அது மைசூரார்க்கு இசைவாயிருந்தது. இந்திய அரசாங்கம் அதனை உறுதி செய்தும் சென்னை அடங்கவில்லை. லண்டனிலிருந்த இந்தியா மந்திரி வரை முறையிட்டது. அம்முறையீட்டின் பயனாகத் தீர்ப்பு நிறுத்தப்பட்டு, மீண்டும் பேச்சுத் தொடங்கிற்று. இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தன. இரு நாட்டு இஞ்சினியர்களும் அளவுகோல் பிடித்துக் கணக்கிட்டுக் களைத்தனர்.

இந்நிலையில் நீர்ப்பாசனப் பொறுப்பு சட்டம் அறிந்த ஒருவரின் கைக்கு வந்தது. 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் புதிய உடன்படிக்கை கையொப்பமாயிற்று. முன்னதற்குச் சரியாக முப்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே திங்களில் அதே நாளில் இது நிகழ்ந்தது. இது பல இஞ்சினியரும் அதிகாரிகளும் கூடி ஆக்கியதே. எனினும் வழக்காக நீண்டு கிடந்ததை உடன்பாடாக முடிக்க வேண்டுமென்று சென்னையின் சார்பில் முன்னின்றவர் ஐயரே.

அவ்வுடன்படிக்கையைப் படித்துப் பார்த்தல் இலக்கிய மாணவனுக்கு இன்பந்தருவதன்று. எனினும் யான் படித்தேன். அதன்கண் அணிநலம் ஒன்றுமில்லை, எண்களே உள்ளன. கண்ணம்பாடி அணையில் 44,827 மில்லியன் கன அடி நீர் தேக்கலாம். அவ்வணையின்கீழ் 1,25,000 ஏக்கர் பாசனம் செய்யலாம். அதற்கு மேலும் காவிரியிலும் துணையாறுகளிலும் 1,10,000 ஏக்கர் வரை மைசூர் விரிக்கலாம். சென்னை மேட்டூரில் 93,500 மில்லியன் கன அடி தேக்கலாம். புதிய பாசனம் 3,01,000 ஏக்கரைத் தாண்டலாகாது. மேலணையில் நிற்கும் அளவுகோலே இரு நாட்டார்க்கும் சாட்சி. பிணக்கு நேரின் மத்தியஸ்தரிடம் செல்லுதல் வேண்டும். முதல் உடன்படிக்கை ஒரு சொல்லில் அடக்க முயன்று தோற்றதை இரண்டாவது உடன்படிக்கை எண்களாற் சாதித்தது. முத்தாய்ப்பாக, முக்கியமான வரம்புகள் ஐம்பது ஆண்டு கழிந்தபின் மறுபடியும் ஆராயப்படலாம் என்றும் எழுதினர். இவ்விறுதி விதியைச் சிலர் குறை கூறுவர். தமிழ்நாட்டார் உரிமையைக் காலவரையறைக்கு உட்படுத்திவிட்டது என்பது அவர் கூற்று. மைசூரார் பக்கத்திலோ, வலிய பேரரசின் நிழலில் நின்ற மாகாணம் சிறிய சமஸ்தானத்தை நெருக்கிப் பெற்ற ஒப்பந்தம் என்னும் குறை நெடுநாள் இருந்தது. இரு பக்கத்தாரும் குறை கூறுதல் ஒன்றே அது ஒருதலைப்பட்சமாகாமைக்குச் சான்றாகும் என்பது என் எண்ணம்.

1925ஆம் ஆண்டில் மேட்டூரில் வேலை தொடங்கிற்று. எல்லிஸ் என்னும் இஞ்சினியரின் திட்டப்படி சுமார் ஒரு மைல் நீளமுள்ள அணை எழுந்தது. 1934ஆம் ஆண்டில் அது முடிந்து, அந்நாளைய கவர்னரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப் பெயர் பெற்றது. தஞ்சைத் தரணி பசியாதிருக்க அது செய்த உதவி பெரிது.

ஆயினும் தேக்கப்பெற்ற நீர் எங்கோ நிற்றல் வேண்டுமன்றோ? சேலம் ஜில்லாவுக்கும் கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் இடையே ஆற்றங்கரையில் இருந்த ஊர்கள் நீரில் ஆழ்ந்தன. நிலம் எடுப்பதற்கு அந்நாளில் உரிய சட்டம் 1894ஆம் ஆண்டின் நில ஆர்ஜிதச் சட்டம். அச்சட்டப்படி நிலத்திற்குச் சந்தை விலை தருவர். கட்டாயமாக எடுப்பதற்கென்று நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாகத் தருவர். நிலத்துக்குடையோர் முப்பது நாளுக்குள் ஆட்சேபம் கூறலாம் என்னும் உரிமைதானும் அச்சட்டத்தில் முதலில் இல்லை. ஐயர் சட்ட மெம்பரான 1923ஆம் ஆண்டில் இந்தியச் சட்டசபை செய்த திருத்தத்தினாலேயே அது வந்தது. அதே சட்டத்தில், நட்டஈடு கணக்கிடும்போது எவற்றையெல்லாம் கருத்திற்கொள்ளலாகாது என்று ஒரு பட்டியல் உண்டு. நிலத்தைவிட்டுப் பிரிய உடையவனுக்கு மனமில்லாமை அப்பட்டியலில் ஒன்று. இதனைப் படித்தபோது எனக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் நினைவிற்கு வந்தது. ஆகாப் அரசன் நாபோத்திற்குத் தகுந்த விலையும் தர இசைந்தான். வேறு நல்ல தோட்டமும் தர இசைந்தான். நாபோத்து மறுத்தது விலை பற்றியன்று, முன்னோரின் சுதந்தரம் பற்றி. ஆகாப் கேட்டது தன் அரண்மனைக் கீரைக்கொல்லைக்கு. சென்னை அரசாங்கம் கேட்டது பல்லாயிரவர் உண்ணும் நெல்லுக்கு. வேற்றுமை பெரிதே. எனினும் நாபோத்தின் மனம் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.

நீர்மட்டம் மிகத் தாழும் கோடைகளில், பண்ணவாடியில், நீருள் மூழ்கிய பழைய சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும், கிறிஸ்தவ ஆலயம் ஒன்றின் இரட்டைக் கோபுரங்களும் வெளித்தோன்றும். சென்ற கோடையொன்றில் யான் பரிசலில் ஏறி அருகே சென்று கண்டேன். மணியில்லாத கோபுரம், சுவரில் நீர்மட்டம் நின்ற அளவெல்லாம் கோடு கோடாய்ப் பதிந்திருந்தது. ஒரு காலத்தில் அங்கே ஞானஸ்நானம் பெற்றவரும், மணந்தவரும், அடக்கம் செய்யப்பட்டவரும் இருந்திருத்தல் வேண்டும். கோயிலுக்கும் ஆலயத்துக்கும் ஒரே நீர், ஒரே சட்டம். இரண்டு அரசாங்கங்களின் உரிமையை ஏக்கர் ஏக்கராய், கன அடி கன அடியாய் எண்ணிக் காத்த அவ்வழக்கறிஞர் திறம் இக்கரையோரத்தாரின்பொருட்டு எழவில்லை. அது அவர் ஒருவரின் குற்றமன்று. இவர்கட்கென்று வாதிக்கும் இருக்கை அந்நாளைய சட்டத்தில் இல்லை. பேரணை போன்றவற்றிற்குச் சுற்றுச்சூழல் ஆய்வும், ஊரார் கருத்துக் கேட்கும் கூட்டமும் வேண்டுமென்பது 1990களில் வந்த விதி. மறுகுடியமர்த்தும் கடமையைக் கூறும் நிலச்சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிற்று. கோபுரம் மூழ்கி அப்பொழுது ஏறத்தாழ எண்பது ஆண்டு ஆகியிருந்தது.

நீலகிரியில் பைக்காரா மின்திட்டத்திற்கு அடிகோலியதும் ஐயர் சட்ட மெம்பராய் இருந்த காலத்திலேயாம். 1932ஆம் ஆண்டில் அங்கிருந்து மின்சாரம் இறங்கிக் கோயமுத்தூர் ஆலைகளை ஓட்டியதை நாடறியும்.

பின்னர் ஐயர் திருவிதாங்கூர் சென்றார். 1931ஆம் ஆண்டில் சட்ட ஆலோசகர். 1936ஆம் ஆண்டு முதல் திவான். தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற்கதவைத் திறந்த பிரகடனம் அவ்வாண்டு நவம்பரில் மகாராஜாவால் வெளியிடப்பெற்றது. அதன் பின்னின்ற சட்டமதி திவானுடையது. 1940ஆம் ஆண்டில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆனால் நம் பொருளுக்கு உரியது பெரியாற்று வழக்கே.

பெரியாறு திருவிதாங்கூர் மலைகளில் ஓடி மேற்குக் கடலிற் கலப்பது. அதனைத் தடுத்துக் கிழக்கே திருப்பி வைகையிற் சேர்த்து மதுரைச் சீமைக்கு நீரூட்டச் சென்னையார் விரும்பி, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூரிடம் குத்தகை பெற்றனர். 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டு. பென்னிகுயிக் துரை கட்டிய அணை 1895ஆம் ஆண்டில் முடிந்தது. நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கீழே விழுகின்றது. அங்ஙனம் விழும் நீரால் மின்சாரம் எடுக்கலாமே என்று சென்னையார் பிற்காலத்திற் கருதினர். இங்கேதான் எதிர்நின்றார் ஐயர். ஒருகாலத்துச் சென்னையின் சட்ட மெம்பர், இப்பொழுது திருவிதாங்கூரின் திவான். குத்தகை பாசனத்திற்கே தரப்பட்டது, மின்சாரத்திற்கன்று, தந்த காரியத்திற்கு மிஞ்சிப் பயன்படுத்தல் ஆகாது என்பது திருவிதாங்கூர் வாதம். மத்தியஸ்தர் இருவரும் கருத்து வேறுபட்டனர். வழக்கு நளினி ரஞ்சன் சாட்டர்ஜி என்னும் பெருநடுவரிடம் சென்றது. 1941ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் தீர்ப்புத் திருவிதாங்கூரின் பக்கமாயிற்று. குத்தகைக்குத் தரும் நிலத்தின் பயன் இன்னதென்று ஓலையிலே எழுதுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் சட்டக் கல்லூரியார்க்கு வேறு கிடையாது. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாடும் கேரளமும் புதிய ஒப்பந்தம் செய்து, நிலவாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தி, மின்சாரத்திற்கும் தனியே பணம் கொடுப்பதென்று முடிவு செய்தன.

தஞ்சையார்க்கு நீர் தேடித் தந்த கை, மதுரைப் பக்கத்தார்க்கு மின்சாரத்தைத் தடுத்ததே எனச் சிலர் வருந்துவர். மதுரையில் உறவினர் உடைய யானும் முதலில் வருந்தினேன். வழக்கறிஞன் தன்னை அமர்த்தியவர்க்கே கடமைப்பட்டவன் என்பர். அடையாற்று வழக்கிலும் அவர் அங்ஙனமே நின்றார். இவ்விடை முழுதும் என் மனத்தை ஆற்றவில்லை. ஆயினும் வேறு விடையும் எனக்குத் தோன்றவில்லை.

ஐயரின் வாழ்வை எழுதுவோன் அதன் இருண்ட பக்கத்தை மறைத்தல் அறமாகாது. திவானாய் அவர் மாற்றுக்கருத்தினரை அடக்கிய முறை கடுமையானது. 1946ஆம் ஆண்டு அக்டோபரில் புன்னப்பிர வயலார் என்னும் இடங்களில் தொழிலாளர் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் தனிநாடாய் நிற்கும் என்று அவர் அறிவித்ததும் நாட்டார் மனத்திற்கு மாறாயிற்று. அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் இசைவிழாவில் ஒருவன் அவரை வெட்டினான். உயிர் தப்பினார், திங்கள் ஒன்று கழியுமுன் பதவியைத் துறந்தார். ஆற்றுக்கும் நிலத்துக்கும் எல்லை வகுத்தவர் தம் அதிகாரத்துக்கு எல்லை வகுக்க மறந்தார் போலும்.

பின்னாளில் அவர் காசி ஹிந்து, அண்ணாமலை ஆகிய பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராய் இருந்தார். 1960ஆம் ஆண்டு தொடங்கி இந்து சமய அறநிலையங்களைப் பற்றி ஆராய்ந்த கமிஷனுக்குத் தலைமை வகித்தார். தாம் ஒருகால் எதிர்த்து வாதித்த பெசன்ட் அம்மையாரின் வரலாற்றை நூலாக எழுதினார். 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் லண்டனில் உயிர் நீத்தார். எண்பத்தாறு ஆண்டு வாழ்ந்தவர்.

அவர் மறைந்து எட்டாம் ஆண்டில், 1974இல், காவிரி உடன்படிக்கையின் ஐம்பது ஆண்டு முடிந்தது. மறு ஆராய்ச்சிக்கு என்று எழுதிவைத்த வாயில் வழியே பிணக்கு மீண்டும் நுழைந்தது. 1990ஆம் ஆண்டில் நடுவர் மன்றம். 2007ஆம் ஆண்டில் அதன் இறுதித் தீர்ப்பு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவ்வுடன்படிக்கை மைசூர் மீது வல்லந்தமாகச் சுமத்தப்பட்டதன்று, செல்லுபடியாயிருந்ததே, ஆயின் 1974ஆம் ஆண்டொடு காலங்கடந்துவிட்டது என்று அம்மன்றம் கூறிற்று.

அடையாற்றினின்று பஸ் ஏறித் திரு.வி.க. பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால், எல்டாம்ஸ் சாலையில் ஐயர் வாழ்ந்த குரோவ் என்னும் மாளிகை மரங்களினிடையே தோன்றும். அங்கே 1989ஆம் ஆண்டு தொடங்கி அவர் பெயரால் ஒரு சுற்றுச்சூழல் கல்வி நிலையம் நடைபெற்று வருகின்றது. காடும் குளமும் காத்தற்குப் பள்ளி ஆசிரியர்களைப் பழக்குதல் அதன் பணிகளுள் ஒன்று. பேரணைகளுக்கு வழி வகுத்தவர் தம் வாயிலில் அப்பெயர்ப்பலகையைக் கண்டிருந்தால் யாது கருதியிருப்பாரோ, யான் அறியேன். ஒருவேளை அதற்கும் ஓர் உடன்படிக்கை வரைந்து, எத்துணை மரம், எத்துணை ஏக்கர் என்று எண் கேட்டிருப்பார்.